எச்சமும் காலமும்

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கவேலையை மேற்கொண்ட காலந்தொட்டு, வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது; குடும்பங்கள் பல லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டன.

அவ்வீடொன்றிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் மனு எழுதுவதாகக் கொள்வோம். ‘1975 முதல் இங்கு வாழ்கிறோம்’ என்பது அவர் கருத்து. தமிழில் ‘வாழ்கிறோம்’ என்னும் நிகழ்காலம், தொடங்கிய நாளையும் இன்றைய நாளையும் ஒருங்கே தழுவிக்கொள்ளும். ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 1975’ என ஆங்கிலத்தில் எழுதுவது பிழை. ஆயினும் பொருள் விளங்கும். பிழைக்கு அஞ்சி ‘வீ லிவ்டு ஹியர்’ என்று எழுதினாலோ, வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றே அதிகாரி கொள்வார். இலக்கணம் வழுவாத அத்தொடரே மனுவைக் கெடுப்பது! ‘வீ ஹாவ் லிவ்டு ஹியர் சின்ஸ் 1975’ என்பதே முறை.

மொழிபெயர்ப்புப் பணியில் நம்மை அடிக்கடி நிறுத்துவது எச்சத்தொடர். ‘முப்பது ஆண்டு சுரங்கத்தில் உழைத்து இவ்வீடு கிடைத்தது’ என்கிறோம். உழைத்தவர் தந்தை என்பது கேட்போர்க்குத் தெரியும். ‘செய்து’ என்னும் எச்சம் தன் எழுவாயின் வினைகொண்டே முடிதல் பொதுவிதி. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என வழக்கு அதனை நெகிழ்த்தும். ஆங்கிலம் நெகிழாது. ‘ஹாவிங் வொர்க்டு’ என்று தொடங்கி, அடுத்து ‘திஸ் ஹவுஸ்’ என்று எழுதினால், சுரங்கத்தில் இறங்கியது வீடு என்றாகும். ‘மை ஃபாதர்’ என்பதை அவ்விடத்தில் நிறுத்தி, ‘வாஸ் கிவன் திஸ் ஹவுஸ்’ என முடிக்கலாம்.

தந்தையின் உழைப்பைத் தனித்தொடராக எழுதினால், ‘ஹாஸ் வொர்க்டு’ ஆகாது; சுரங்கம்தான் மூடிவிட்டதே. அங்கே ‘வொர்க்டு’ என்னும் இறந்தகாலமே பொருந்தும்.