பென்சிலில் ஓர் அணி, எக்ஸெல்லில் ஓர் அணி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் என்றால் பலருக்கும் ஒரு தயக்கம். ஆபீஸ் கணக்கு வழக்குக்கான சமாசாரம், வீட்டில் நமக்கு எதற்கு என்று அந்தப் பச்சை ஐகானைத் தொடாமலேயே விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதைக் கற்றுக்கொண்டது, தன் தம்பியிடம் இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கும் சண்டையில் ஜெயிப்பதற்காக!

கம்பெனி வேலையாக ஓராண்டு வடக்கு லண்டனில் தங்கியிருந்தேன். வீட்டு உரிமையாளர் எழுபதை நெருங்கும் பெரியவர். ஆர்சனல் கால்பந்து கிளப்பின் ரசிகர். கிளப்பின் பழைய மைதானமான ஹைபரியில் அவரும் தம்பியும் அடுத்தடுத்த இருக்கைகளுக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள். 2006-ல் கிளப் புது மைதானத்துக்கு மாறிவிட்டது. ஹைபரியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பந்து உருண்ட இடத்தில் தோட்டம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சீசன் ஆகஸ்டில் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் இரண்டு ரசிகர்கள் சந்தித்தால் பேச்சு ஒன்றுதான். யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள், எந்த இடத்துக்கு ஆள் போதவில்லை? பெரியவர் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு நோட்டில் பென்சிலால் அணிப் பட்டியல் எழுதி வைப்பார். தம்பி அதைக் குறை சொல்வார்.

2003 ஆகஸ்டில் குறை சொல்வதற்கு நிறையவே இருந்தது. முந்தைய சீசனில் ஆர்சனல் 5 புள்ளி வித்தியாசத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் பட்டத்தை இழந்திருந்தது. 38 ஆட்டங்களில் 42 கோல் வாங்கியிருந்தது. அப்படியும் கிளப் வாங்கிய பெரிய ஆட்டக்காரர் ஒரே ஒருவர், கோல்கீப்பர் யென்ஸ் லேமன். மற்றபடி சில சிறுவர்கள். தடுப்பாட்டத்துக்கு ஆள் எங்கே என்று தம்பி கோபப்பட்டார். இந்த வருடம் நான் வரமாட்டேன் என்று தன் இருக்கையை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த சீசனில்தான் ஆர்சனல் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. 26 வெற்றி, 12 டிரா. கொடுத்த இருக்கையைத் திருப்பிக் கேட்கத் தம்பிக்கு வாய் வரவில்லை. "நான் அப்போதே சொன்னேன்" என்று அண்ணன் சொல்வதும், "பட்டியலைப் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்?" என்று தம்பி கேட்பதும் அன்றைக்குத் தொடங்கியது.

பெரியவர் புதிதாக லேப்டாப் வாங்கியதும் என்னைக் கூப்பிட்டார். நடப்பு அணியை எடுக்க வேண்டாம், வீரர்களை வாங்கி விற்கும் ட்ரான்ஸ்ஃபர் விண்டோ மூடும்வரை அது மாறிக்கொண்டே இருக்கும், முடிந்துபோன 2003 அணியில் பழகுங்கள் என்றேன். நீங்களும் அதையே போட்டுப் பாருங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்திடலாம்.

ஏ காலத்தில் பெயர், பி காலத்தில் பிறந்த தேதி, சி காலத்தில் ஆடும் இடம். முதல் வரிசை தலைப்புக்கு. அந்த சீசனில் பெரும்பாலும் ஆடிய பதினொருவரின் விவரம் இது: லேமன் 10 நவம்பர் 1969, லாரன் 19 ஜனவரி 1977, சோல் கேம்ப்பெல் 18 செப்டம்பர் 1974, கோலோ டூரே 19 மார்ச் 1981, ஆஷ்லி கோல் 20 டிசம்பர் 1980, லுங்பெரி 16 ஏப்ரல் 1977, வியெரா 23 ஜூன் 1976, கில்பெர்டோ சில்வா 7 அக்டோபர் 1976, பிரேஸ் 29 அக்டோபர் 1973, பெர்காம்ப் 10 மே 1969, தியரி ஹென்றி 17 ஆகஸ்ட் 1977.

தேதியில்தான் முதல் பள்ளம். பெர்காம்புக்கு 10/5/1969 என்று டைப் செய்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறைக்கு செட் ஆகியிருந்தால் அதை அக்டோபர் 5 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே வராது. கோலுக்கு 20/12/1980 என்று கொடுத்தால் இருபதாவது மாதம் கிடையாதே, அதனால் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சரியான தேதி வலது ஓரத்தில் நிற்கும். இடது பக்கம் ஒன்று ஒதுங்கி நின்றால் உடனே சந்தேகப்படுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜன் பகுதிக்குப் போய் தேதி முறையை மாற்றலாம். அல்லது மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தாகவே டைப் செய்திடுங்கள், வம்பு இல்லை.

அடுத்தது வயது. பெரியவர் நோட்டில் 2003-லிருந்து பிறந்த வருடத்தைக் கழித்து எழுதியிருந்தார். ஹென்றிக்கு 26. ஆனால் சீசனின் முதல் ஆட்டம், எவர்டனுக்கு எதிராக, 2003 ஆகஸ்ட் 16 அன்று. ஹென்றியின் பிறந்த நாள் மறுநாள்! ஆடிய அன்று அவருக்கு 25தான்.

இதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எஃப்1 செல்லில் ஆட்டத் தேதியைப் போடுங்கள். டி2 செல்லில் சமக்குறி இட்டு டி, ஏ, டி, இ, டி, ஐ, எஃப் என்ற ஏழு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் பி2, எஃப்1, இரட்டை மேற்கோள் குறிக்குள் ஒய் என்ற எழுத்து, மூன்றையும் காற்புள்ளியால் பிரித்துத் தரவும். டைப் செய்யும்போது எக்ஸெல் காட்டும் பட்டியலில் இந்த ஃபங்ஷன் பெயர் வராது. தவறு செய்துவிட்டோமோ என்று நிறுத்திவிடாதீர்கள், வேலை செய்யும். எஃப்1 என்று எழுதியதும் எஃப்4 கீயைத் தட்டினால் டாலர் குறிகள் சேரும். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுத்து காப்பி செய்யும்போது அது எஃப்2, எஃப்3 என்று நழுவி, வெற்று செல்லைப் பார்க்கும்.

பதினொருவரின் சராசரி வயது 27.1. நோட்டுக் கணக்கில் 27.6.

பிறகு பெரியவர் தானாகவே வயது வாரியாக அடுக்கிப் பார்க்க ஆசைப்பட்டு, பி காலத்தை மட்டும் செலக்ட் செய்து சார்ட் கொடுத்துவிட்டார். எக்ஸெல் ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டியது, சரியாகப் படிக்காமல், செலக்ட் செய்த பகுதியை மட்டும் அடுக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தேதிகள் மட்டும் இடம் மாறின, பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பெர்காம்புக்கு வயது 22! "அன்றைக்கே இப்படி நடந்திருக்கக் கூடாதா" என்றார். கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி மீட்டோம். சார்ட் செய்யும்போது முழு அட்டவணையும் செலக்ட் ஆகியிருக்க வேண்டும்.

இன்றைய அணியைப் போடுபவர்களுக்கு இன்னொரு காலம் தேவைப்படும். 2010-11 சீசனிலிருந்து பிரீமியர் லீக் கிளப் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 25 பேர் கொண்ட பட்டியல் தர வேண்டும். அதில் ஹோம் க்ரோன் அல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டியலுக்கு வெளியே. ஹோம் க்ரோன் என்பது குடியுரிமை பற்றியது அல்ல. 21 வயதுக்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று சீசன் இருந்திருந்தால் போதும். 2003-ல் ஆர்சனல் சேர்த்த அந்தச் சிறுவர்களில் ஒருவரான ஸ்பெயினின் ஃபாப்ரிகாஸ் பின்னாளில் இப்படிக் கணக்கில் வந்தார். ஆம், இல்லை என்று ஒரு காலத்தில் எழுதி, கவுன்ட்இஃப் ஃபங்ஷனால் எண்ணிவிடலாம். 2003-ன் பதினொருவரில் இந்த விதிக்குத் தேறுபவர்கள் கேம்ப்பெல், கோல் இருவர் மட்டும்.

ஆடும் இடம் என்ற சி காலத்தை நிரப்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டூரேக்கு நேராகப் பெரியவர் நடுத் தடுப்பு என்று டைப் செய்தார். நோட்டைக் காட்டச் சொன்னேன். 2003 ஆகஸ்ட் பக்கத்தில் கேம்ப்பெல்லுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் டூரே அல்ல, மார்ட்டின் கியோன், வயது 37. டூரே கீழே மாற்று ஆட்டக்காரர்களில், இடம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு இருந்தார். அதுவரை அணியில் பல இடங்களில் மாறி மாறி ஆடிய 22 வயதுப் பையனை அந்த சீசனில்தான் மேலாளர் ஆர்சென் வெங்கர் நடுத் தடுப்பில் நிலையாக நிறுத்தினார். வாங்கிய கோல் 42-லிருந்து 26 ஆனது. அடித்த கோல்கூட 85-லிருந்து 73 ஆகக் குறைந்துதான் இருந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, கீழே ஒரு வரிசை சேர்த்து, இரண்டு விரல்களால் எழுத்து எழுத்தாகத் தேடி கியோன் பெயரை டைப் செய்துகொண்டிருந்தார். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஃபைலோடு சேர்த்துத் தம்பிக்கு மெயில் அனுப்பச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டார். அட்டாச்மென்ட் பற்றி அன்றைக்கே பாடம் நடந்தது.

இரவு பதில் வந்தது. மெயிலில் ஒரு வரிகூட இல்லை. அதே ஃபைல் மட்டும் திரும்பி வந்திருந்தது. தம்பி புது ஷீட் ஒன்று சேர்த்து, வரப்போகும் சீசன் என்று தலைப்பிட்டிருந்தார். ஒரே ஒரு வரிசை. இடம்: நடுத் தடுப்பு. வயது: 22. பெயர் இருக்க வேண்டிய செல்லில் ஒரு கேள்விக்குறி.