உழவுக்கு ஒரு காற்று, சாலைக்கு ஒரு காற்று

லாரிக்கும் பஸ்ஸுக்கும் அச்சின் மேல் வில் பட்டைகள் உண்டு. டிராக்டரின் பின் அச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரிய டயருக்குள் அடைபட்டுள்ள காற்றுதான் அதற்கு வில். ஆகவே, சாலை, புழுதிக்காடு, சேற்று வயல் ஆகிய மூன்றுக்கும் ஒரே அளவு காற்றை வைத்து ஓட்டுவது சரியல்ல. வாடகைக்கு உழுபவர்களில் பலர் சாலைக்கென்று அடித்த காற்றோடு அப்படியே வயலில் இறங்கி விடுகிறார்கள். இதில் நஷ்டம் நிலத்துக்காரருக்கே.

பின் டயரில் காற்று அதிகமானால் டயர் உருண்டையாக விறைத்து நிற்கும். நடுப்பட்டை மட்டுமே மண்ணில் படும்; பிடிப்புக் குறையும்; சக்கரம் வழுக்கும். டயரின் காற்றழுத்தத்தை ஒட்டியே மண்ணின் மேல் விழும் அழுத்தமும் இருப்பதால், ஈரமுள்ள நிலத்தில் மண் இறுகி, அடுத்த பயிரின் வேர் இறங்கத் திணறும். காற்றைக் குறைத்தால் டயர் சற்றுப் பரந்து, பல பற்கள் ஒருசேர மண்ணைக் கவ்வும்.

பொதுவாக உழவுக்குப் பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு போதும். டிரெயிலரில் பாரம் ஏற்றிச் சாலையில் செல்லும்போது 18 பவுண்டு வரை தேவை. குறைந்த காற்றோடு சாலையில் ஓடினால் டயரின் பக்கங்கள் மடிந்து மடிந்து சூடேறி வெடிப்பு விடும். முன் டயருக்கு இதைவிட அதிகக் காற்று வேண்டும். டயருக்கு டயர் அளவு மாறுவதால் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பின் டயர்கள் இரண்டிலும் ஒரே அளவு இருப்பது அவசியம்.

வழுக்கல் எவ்வளவு என்பதை விவசாயியே கண்டுபிடிக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை முதலில் அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளக்க வேண்டும். முதலில் 40 மீட்டரும் உழும்போது 34 மீட்டரும் வந்தால் வழுக்கல் நூற்றுக்கு 15. இது பாதகமில்லை. 28 மீட்டர்தான் வந்தது என்றால் நூற்றுக்கு 30. 5 மணி நேரத்தில் முடிய வேண்டிய உழவுக்கு 6 மணி நேர வாடகை கொடுக்க நேரிடும். டீசலும் வீண், டயரும் தேயும்.

காற்றைச் சரி செய்தும் வழுக்கினால் எடை கூட்ட வேண்டும். இரும்பு எடைகளைச் சக்கரத்தில் பூட்டலாம். டயருக்குள் தண்ணீரும் நிரப்பலாம். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வால்வு உச்சியில் இருக்கும்படி வைத்து, வால்வு மட்டம் வரை தண்ணீர் விட்டால் டயரில் முக்கால் பங்கு நிரம்பும். மீதி இடத்தில் காற்று. முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் வில் போல் அமுங்குவதற்குக் காற்றே இருக்காது. டிராக்டர் தூக்கித் தூக்கிப் போடும்.

சேற்றுழவுக்கு இதற்கு நேர்மாறான முறை. அங்கே எடை கூடினால் டிராக்டர் புதையும். ஆகவே தண்ணீரை வடித்து, எடைகளைக் கழற்றி, கேஜ் வீல் பூட்டி இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் கேஜ் வீலைக் கழற்றிவிட்டே தார்ச் சாலையில் ஏற வேண்டும்.

வரப்பைத் தாண்டும்போது ஒரு சக்கரம் மட்டும் மேலேறும்படி சாய்வாகப் போவது ஆபத்து. வரப்பைச் சற்று வெட்டித் தணித்து, நேராக, முதல் கியரில் மெதுவாகக் கடக்கலாம். ஆழமான வயலிலிருந்து மேட்டில் ஏற வேண்டுமானால் பின்னோக்கி ஏறுவதே மேல். முன்னோக்கி ஏறும்போது முன் சக்கரம் தூக்கிக்கொண்டு டிராக்டர் ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழக்கூடும்.

காற்று அளக்கும் கருவிக்குப் பெரிய செலவில்லை. தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். வாடகை பேசும்போதே, வயலில் இறங்குமுன் காற்றை அளந்து குறைப்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். திரும்பும்போது காற்று அடிக்க ஒரு கைப்பம்பு வண்டியில் இருந்தால் ஓட்டுநரும் மறுக்க மாட்டார்.