வித்தின் வீரியம்

விதைப்பையின் சீட்டில் முளைத்திறன் நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதியிருக்கும். அதனை நம்பி உழவன் விதைப்பான். சில நாள் கழித்துச் சென்று பார்த்தால் வரிசையிற் பாதி வெறுமையாய்க் கிடக்கும். சீட்டுப் பொய் சொல்லிற்றா என்றால், இல்லை. வித்து உயிருடன் இருக்கின்றதா என்ற கேள்விக்கே அது விடை கூறிற்று. அவ்வுயிர் எத்துணை வலிமை வாய்ந்தது என்பது வேறொரு கேள்வி.

முளைத்திறனை அளக்கும் வழக்கம் பழையது. ஜெர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள தாரந்து என்னும் ஊரில் 1869ஆம் ஆண்டிலேயே பிரெடரிக் நொப்பே என்பார் விதைச் சோதனை நிலையமொன்றைத் தொடங்கினார். எண்ணியெடுத்த வித்துக்களை ஈர மணலிலோ தாளிலோ இட்டு, முளைத்தவற்றைக் கணக்கிடுவர். ஆனால் ஆய்வுகூடத்தில் வித்துக்குக் கிடைப்பது சம்பந்தி உபசாரம். அளவான வெம்மை, அளவான நீர், நோயற்ற படுக்கை. வயல் அவ்வாறு உபசரிப்பதில்லை.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் பட்டாணிப் பயிர் நன்கு புலப்படுத்திற்று. அங்கே வசந்தத் தொடக்கத்தில், குளிர்ந்து நனைந்த மண்ணிற் பட்டாணியை விதைப்பர். ஆய்வுகூடத்தில் நன்றாக முளைத்த விதைத்தொகுதிகள் சில, அம்மண்ணில் மேலெழாது அழுகின. மத்தியூஸ், பிராட்னொக் என்னும் இருவர் 1967, 1968ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதன் காரணத்தைக் காட்டின. வலிமை குன்றிய வித்துக்கள், ஊறும்போது தம்முள் இருந்த சர்க்கரையையும் உப்புக்களையும் மிகுதியாக வெளியே கசியவிட்டன.

உலர்ந்த வித்தின் கலமென்சவ்வுகள் ஒழுங்கு குலைந்திருக்கும். நீர் புகுந்ததும் நல்ல வித்து அவற்றை விரைந்து சீர்செய்துகொள்ளும். தளர்ந்த வித்தால் அஃது இயலாது. கசிந்த சர்க்கரை மண்ணிலுள்ள பிதியம் என்னும் பூஞ்சைபோன்ற நுண்ணுயிருக்கு உணவாகின்றது. வித்தே தன் பகைவனுக்கு விருந்து வைத்து அழைப்பது போன்றது இது.

ஆகவே வித்தைச் சோதிப்பதற்கு அது ஊறிய நீரையே சோதித்தால் என்ன? அதுவே மின்கடத்துதிறன் முறை. ஐம்பது வித்துக்களை நிறுத்து, 250 மில்லிலீற்றர் தூய நீரில் இட்டு, 20 பாகை செல்சியசில் 24 மணி நேரம் ஊறவிடுவர். இவ்வாறு நான்கு தடவை செய்வர். பின்னர் நீரினூடே மின் எவ்வளவு எளிதாகச் செல்கின்றதென அளப்பர். கசிந்த உப்பு மிகுந்தால் எண்ணும் ஏறும். சென்றிமீற்றருக்கு மைக்ரோசீமன்ஸ் என்னும் அலகில், ஒரு கிராம் வித்துக்கு 25இற்குக் குறைந்தால் அப்பட்டாணியைக் குளிர் மண்ணிலும் துணிந்து விதைக்கலாம். 43ஐக் கடந்தால் விதைப்பதற்கே ஏற்றதன்று.

எளிய முறைதான், எனினும் கவனம் வேண்டும். மிகவும் காய்ந்த வித்து திடீரென நீரை உறிஞ்சினால் வெடித்துப் பொய்க்கணக்குக் காட்டும். ஆதலின் முதலில் அதன் ஈரத்தை நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு வரையில் அமைத்துக்கொள்வர். கல்லைப்போல் நீரே குடியாத வித்துக்களை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றின் நிறைக்கே கணக்கிடுவர்.

வேறு முறைகளும் உள. நிறமற்ற தெற்றசோலியக் கரைசலில் ஊறிய வித்தைப் பிளந்தால் உயிருள்ள பாகம் சிவந்து தோன்றும். வித்திலையில் எவ்விடம் வெளிறியிருக்கின்றது என்பதைப் பழகிய கண்ணே மதிப்பிடவல்லது. சோயா அவரைக்கோ வேறு விதமான சோதனை. நீராவி நிறைந்த பெட்டியுள், 41 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, அதன் பின்னரே முளைக்க விடுவர். மழைக்காலப் புழுக்கத்தில், மூடிக் கட்டிய சாக்கினுள் உழுந்தும் பயறும் மாதக்கணக்கிற் படும் பாட்டை, இம்முறை மூன்று நாளிற் சுருக்கிக் காட்டுகின்றது எனலாம்.

இவற்றுள் எதுவும், இத்தனை நாற்று எழும் என்று அறுதியிட்டுக் கூறாது. ஒரே முளைத்திறனுடைய இரு பைகளுள் எது உரமானது என்பதை மட்டும் பிரித்துக் காட்டும். உரமானதை முன்பருவத்துக் குளிர் மண்ணுக்கு ஒதுக்கி, மற்றதை மண் சூடேறிய பின் விதைக்க வைத்திருப்பது பட்டாணி விளைவிப்போர் வழக்கம்.