ஞாயிற்றுக் கோட்டை: சுவார்ட்ஸ் பாதிரியார் பிறந்த ஊர்

தஞ்சை மராத்தியர் வரலாற்றையும் சீர்திருத்தக் கிறித்தவரின் தமிழகப் பணியையும் ஆராய்வோர் சுவார்ட்ஸ் பாதிரியாரை நன்கறிவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றி 1798இல் தஞ்சையிலேயே மறைந்தார். இரண்டாம் சரபோசி மன்னருக்கு இளமையில் காப்பாளராகவும் ஆசானாகவும் விளங்கினார். அவர் 1726இல் சொன்னன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார் என்று நூல்கள் கூறும். ஆயின், இன்றைய ஜெர்மனியின் நிலப்படத்தில் அவ்வூரைத் தேடுவார் பெயரொலியால் ஒத்த வேறு ஊர்களையே காண்பர். அவர் பிறந்த ஊர் இன்று போலந்தின் மேற்கெல்லையை அடுத்துச் சுவோன்ஸ்க் என்னும் பெயருடன் உள்ளது. அதன் வரலாற்றையும் அங்குக் காணத்தக்கனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஜெர்மன் மொழியில் 'சொன்னே' என்பது ஞாயிறு. 'பர்க்' என்பது கோட்டை. எனவே சொன்னன்பர்க் என்பது ஞாயிற்றுக் கோட்டை எனப் பொருள்படும். போலந்து மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் சொல்லின் சாயல் இன்றைய பெயரிலும் ஒலிக்கின்றது. ஆட்சியும் மொழியும் மாறியும் ஞாயிறு மறையவில்லை.

ஓடர் ஆற்றொடு வார்த்தா ஆறு கலக்கும் இடத்திற்கு அணித்தாக அமைந்தது இவ்வூர். 15ஆம் நூற்றாண்டில் இது தூய யோவான் வீரத்துறவியர் சபையின் பிராண்டன்பர்க் கிளைக்கு உரிமையாயிற்று. செங்கல்லால் எழுப்பப்பட்ட பிற்காலக் கோதிக் பாணித் தேவாலயம் அச்சபையின் பெருமையை இன்றும் உணர்த்துகின்றது. 17ஆம் நூற்றாண்டில் சபைத் தலைவராயிருந்த ஜோகன் மோரிட்ஸ் இங்கு அரண்மனை ஒன்றை எடுப்பித்தார். டச்சுக்காரரின் பிரேசில் பகுதியை முன்னர் ஆண்டவரும் இவரே. 1975இல் எரியுண்ட அவ்வரண்மனையின் சுவர்கள் மட்டுமே இன்று நிற்கின்றன.

சுவார்ட்ஸ் பிறந்தபோது இவ்வூர் பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஜெர்மனி என்னும் ஒன்றுபட்ட பேரரசு 1871இலேயே தோன்றியது. ஆதலின், அவரை மொழியாலும் பண்பாட்டாலும் ஜெர்மானியர் எனல் பொருந்தும்; 'ஜெர்மனி நாட்டிற் பிறந்தார்' எனலோ பிற்காலத்து எல்லையை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

19ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறைச்சாலை இவ்வூரின் பெயருக்கு இருள் சேர்த்தது. 1933இல் நாஜிகள் அதனைத் தடுப்பு முகாமாக்கினர். 1935ஆம் ஆண்டிற்குரிய நோபல் அமைதிப் பரிசு பெற்ற கார்ல் வான் ஒசியட்ஸ்கி அங்கே துன்புற்றோருள் ஒருவர். போர்க்காலத்தில் பிரான்சு, பெல்ஜியம், நார்வே முதலிய நாடுகளின் விடுதலை வீரர்களும் அங்கு அடைக்கப்பட்டனர். 1945 ஜனவரி 30ஆம் நாள் இரவில், சோவியத்துப் படை நெருங்கி வருதல் கண்டு, 800க்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்றனர். அவர்தம் கல்லறைகளும், 1974இல் அமைக்கப்பட்ட காட்சியகமும் அக்கொடுமைக்குச் சான்றாய் உள்ளன.

அவ்வாண்டே எல்லை மாறிற்று. ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர், போலந்து மக்கள் குடியேறினர், சீர்திருத்தச் சபையின் தேவாலயம் கத்தோலிக்கர் வழிபடும் இடமாயிற்று, நகர் என்னும் தகுதியிழந்து ஊர் சிற்றூராயிற்று. சூழ்ந்துள்ள சதுப்பு நிலம் 2001 முதல் தேசியப் பூங்காவாகப் பேணப்படுகின்றது. நீர்ப்பறவைகளைக் காண்போர் அங்குத் திரள்கின்றனர்.

இவ்வூரில் சுவார்ட்ஸின் மொழியைப் பேசிய குடிகளின் தொடர்ச்சி அற்றுப்போயிற்று. அவரை நினைவூட்டும் சிறந்த சின்னமோ தஞ்சையில் உள்ளது. சரபோசி மன்னர் ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் அது. மரணப் படுக்கையிலுள்ள ஆசானை மன்னர் காணும் காட்சி அதில் வடிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஊர் மறந்த ஒருவரை வாழ்ந்த ஊர் நினைவில் வைத்திருப்பதுண்டு. அந்நினைவை முழுமையாக்குவது ஆராய்வோர் கடன். 'சொன்னன்பர்க், அன்று பிரஷ்யா. இன்று போலந்தின் சுவோன்ஸ்க்' என இரு பெயரும் இரு காலமும் சேர்த்தெழுதுதலே முறையாகும். ஒன்றை விடுப்பின் ஊர் கிடையாது. மற்றொன்றை விடுப்பின் வரலாறு கிடையாது.