டவர் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸைப் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் ஹார்ட் டிஸ்க்கில் பாட்டுகள் நிறைந்துவிடும். ஆனால் கூடவே வாங்கிய சின்ன ஸ்பீக்கர்களில் குரல் மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். தவிலும் பேஸ் கிதாரும் காணாமல் போய்விடும். கடையில் இடுப்பளவு உயரத்தில் மெலிதாக நிற்கும் டவர் ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான். வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

உத்திரமேரூர் – காஞ்சிபுரம் சாலையில் உள்ள திருப்புலிவனத்தில் என் உறவினர் ஒருவருக்கு இப்படி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நெல் விற்ற பணத்தில் வாங்குவதால், தவறான பெட்டியை வாங்கிவிட்டு மீண்டும் பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது. எனவே கடைக்குப் போகும் முன் வீட்டு ஹாலை அளந்தோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்க்ரீட் கூரை. உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் நேராக இணைக்கலாமா?

முடியாது. பெரும்பாலான டவர் ஸ்பீக்கர்களுக்குள் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கம்ப்யூட்டரின் பச்சை நிற ஜாக்கில் வருவது மிகச் சிறிய சிக்னல். அதை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அங்கிருந்துதான் ஸ்பீக்கருக்கு ஒயர் போட வேண்டும். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறு முனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்கள் உள்ள கேபிள் போதும். லேப்டாப் என்றால் ஹெட்போன் ஜாக்கில் செருகலாம். ஆக, கையில் உள்ள பணத்தை ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ஒயர் என்று மூன்றாகப் பிரித்துத் திட்டமிடுங்கள்.

மெலிந்த பெட்டியில் பேஸ் வருமா?

வரும். அகலத்தில் குறைந்த இடத்தைப் பெட்டி உயரத்தில் ஈடுகட்டிக்கொள்கிறது. பெரிய வூஃபருக்குப் பதில் சிறிய வூஃபர்கள் இரண்டை வைப்பார்கள். இரண்டு 5 இஞ்ச் கோன்களின் மொத்தப் பரப்பு ஒரு 7 இஞ்ச் கோனுக்குச் சமம்.

ஆனால் கோன்களை எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள். உதாரணத்திற்கு, போல்க் நிறுவனத்தின் டி50 டவரில் ஒரு ட்வீட்டரும் மூன்று 6.5 இஞ்ச் கோன்களும் தெரியும். அதில் சிக்னல் போவது ஒரு கோனுக்குத்தான். மற்ற இரண்டும் பெட்டிக்குள் உள்ள காற்றின் அழுத்தத்தில் அசைபவை. இது குறையல்ல, பேஸைக் கூட்டும் ஒரு முறை. ஆனால் மூன்று வூஃபர் என்று கணக்கிட்டு விலை பேசக்கூடாது.

வாட்ஸும் டெசிபலும்

விலை மலிவான செட்களில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. வாட்ஸை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே இது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட்ஸ் போதும். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் போதும். ஆகவே ஸ்பீக்கரில் சற்றுக் கூடுதலாகச் செலவழித்தால் ஆம்ப்ளிஃபையரில் மிச்சம் பிடிக்கலாம். திருப்புலிவனம் ஹாலுக்கு 89 டெசிபல் ஸ்பீக்கரும் 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரும் தாராளமாகப் போதுமானவையாக இருந்தன.

ஓம் அளவையும் பாருங்கள். புதியவர்களுக்கு 8 ஓம் பாதுகாப்பானது. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்கும் என்று அதன் பின்புறத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

அறை செய்யும் வேலை

12 அடி இடைவெளியில் எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி, அளவுக்கு மீறி முழங்கும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் இது பாட்டிலேயே வரும் ஒலி. எனவே 30 ஹெர்ட்ஸ் வரை போகும் பெரிய டவரை இந்த ஹாலில் வைத்தால் பாட்டைவிட முழக்கமே அதிகம் கேட்கும். 45, 50 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஸ்பீக்கரே இங்கே பொருத்தம்.

அறையின் மூலையில் வைக்காதீர்கள். காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இடம் இல்லாதவர்கள் துளை முன்பக்கம் உள்ளதை வாங்கலாம். ஜன்னல் திரை எதிரொலியைக் குறைக்கும், பேஸ் முழக்கத்தைக் குறைக்காது. அதற்கு ஸ்பீக்கரை அரை அடி, ஒரு அடி என்று நகர்த்திப் பார்ப்பதே வழி.

நம் வீடுகளுக்கான குறிப்புகள்

* ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்தால் காது ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். பாயில் அமர்ந்தால் 70, 80 செ.மீ. உயரத்தில்தான். தரையில் அமர்பவர்கள் உயரம் குறைந்த டவரைத் தேர்ந்தெடுங்கள் அல்லது சற்றுப் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

* பெட்டி பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகை. வீடு கழுவும் தண்ணீர் பட்டால் அடிப்பக்கம் உப்பிவிடும். கால்கள் உள்ள மாடலாக வாங்கி, தரை கழுவும் நாளில் எடுத்து உயரத்தில் வையுங்கள்.

* பாட்டுக் கேட்காத நேரத்தில் காற்றுத் துளையைப் பஞ்சு அல்லது துணியால் அடைத்து வையுங்கள். பல்லி, கரப்பான் உள்ளே போகாது.

* ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணையுங்கள். எர்த் பின்னை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

கடையில்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் தெருச் சத்தத்துக்கு நடுவே கேட்டு முடிவு செய்வது கடினம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். எந்த ஸ்பீக்கரையும் ஒரே வால்யூமில் கேளுங்கள், ஏனெனில் சத்தமாக ஒலிப்பது நல்லதாகத் தோன்றும். ஒரு வாரத்தில் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் இணைத்ததும் சிவப்பைச் சிவப்புடனும் கறுப்பைக் கறுப்புடனும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் போய்விடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் அமர்ந்து கேட்கும்போது பாடுபவரின் குரல் நடுவிலிருந்து வந்தால் இணைப்பு சரி!