கண்ணில் விழும் கடுகுப் பூச்சி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தில்லியில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கண்ணிலும் மூக்கிலும் பொடிப் பூச்சிகள் வந்து விழும். மஞ்சள் சட்டை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், ஒட்டிக்கொண்டு விடும். நம்மவர் பலர் இதைக் கொசு என்றே நினைக்கிறார்கள். இது கொசு அல்ல, அசுவினி. சுற்றுவட்டாரக் கடுகு வயல்களிலிருந்து வருவது. இந்தியில் 'மாஹூ', ராஜஸ்தானில் 'மோயலா' என்பார்கள். நம் ஊரில் அவரைக்கொடியில் கருப்பாக மொய்ப்பதும் இதே குடும்பம்தான்.

நீளம் சுமார் 2 மி.மீ. ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகிச் சாற்றை உறிஞ்சும். சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச் சத்து குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிகுதிச் சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றும். அந்தத் தித்திப்புக்கு எறும்பு வரும். இலையில் கரும்பூசணம் படரும்.

இதன் பலம் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. என் மாடித் தொட்டியில் இருந்த கடுகுச் செடியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முட்டையே கிடையாது, தாய் நேராகக் குட்டி போடுகிறது! ஆண் துணையும் தேவையில்லை. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறையின் கரு வளரத் தொடங்கியிருக்கும். பத்து நாட்களுக்குள் குட்டியும் தாயாகிவிடும். கூட்டம் பெருகினாலோ செடி முற்றினாலோ இறக்கை உள்ளவை பிறந்து பறந்துவிடும். கடுகு முற்றும் காலத்தில் நம் கண்ணில் விழுபவை இவையே.

விவசாயிக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். பூங்கொத்தில் அசுவினி அடைந்தால் காய் பிடிக்காது. அதற்காக அவசரப்பட்டு மருந்தடித்தால், மகரந்தம் சேர்க்கும் தேனீயும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து மடியும். எஞ்சிய சில அசுவினிகள், தடுக்க ஆளின்றி மீண்டும் பெருகும். அக்டோபர் நடுவுக்குள் விதைத்தால், அசுவினி பெருகுமுன் பயிர் பூத்துக் காய்த்துவிடும். மருந்து தவிர்க்க முடியாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் அடிப்பதே முறை.

வீட்டுத் தொட்டியில் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிஞ்சியதற்குச் சிறிது சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். இலையில் புள்ளி போட்ட சிவப்பு வண்டு உட்கார்ந்திருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அது நம் கட்சி!