மல்லர் இருவரின் ஏறுமுகமும் இறங்குமுகமும்

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. ஆமூரில் வாழ்ந்த மல்லன் ஒருவனைச் சோழ இளவலாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தி புறநானூற்றிலே காணப்படுகின்றது. சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் அவ்விளவலைப் பாடினர். வென்றவன் பெயர் நிலைத்தது. தோற்றவனோ இன்றுவரை 'ஆமூர் மல்லன்' மாத்திரமே. அவன் யார், யாரிடம் பயின்றான், அவன் குடும்பம் எதை உண்டு வாழ்ந்தது என்பவற்றை எந்தப் புலவரும் சொல்லிவைக்கவில்லை. மல்லர் வரலாறு பெரும்பாலும் இத்தகையதே. ஆயினும், கடந்த நூற்றாண்டைச் சேர்ந்த மல்லர் இருவரின் வாழ்வு ஓரளவு முழுமையாகப் பதிவாகியுள்ளது. ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த காமா. மற்றவர் போலந்து நாட்டவரான ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோ. இவர்கள் இருவரும் தம் வாழ்நாளில் இரண்டே முறை மோதினர். அம்மோதல்களுக்கிடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

காமா என வழங்கிய குலாம் முகமது 1878ஆம் ஆண்டளவில் அமிர்தசரசை அடுத்த பகுதியில், மற்போரையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்தவர். ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும் பின்னர் மாமனாரும் அவரை வளர்த்துப் பயிற்றினர். பத்து வயதில் யோத்பூர் அரசர் நடத்திய உடற்பயிற்சிப் போட்டியொன்றிற் கலந்துகொண்டார். நானூறுக்கு மேற்பட்ட மல்லர் அதிலே பங்குபற்றினர் என்பர். இறுதிவரை தளராது நின்ற பதினைவருள் இச்சிறுவனும் ஒருவன் என்பதைக் கண்ட அரசர், அவன் இளமையைக் கருதிப் பரிசை அவனுக்கே அளித்தார். அதன்பின் தத்தியா சமஸ்தானத்து அரசர் அவனைத் தம் ஆதரவில் ஏற்றுக்கொண்டார்.

இவ்வரச ஆதரவு எத்துணை இன்றியமையாதது என்பதைப் புரிந்துகொள்ள, மல்லனின் அன்றாட வாழ்க்கையை அறிதல் வேண்டும். வட இந்தியாவில் மற்போர்க் களரியை அகாடா என்பர். களத்து மண்ணைக் கல் நீக்கிச் சலித்து, எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து பதப்படுத்துவர். விடியுமுன் எழுந்து அம்மண்ணைக் கொத்திப் புரட்டுவதே மாணாக்கனின் முதல் வேலை. பின்னர் தண்டால், பைடக் எனப்படும் உட்கார்ந்தெழும் பயிற்சி, கதாயுதம் சுழற்றல், இணையருடன் பொருதல் என நாள் முழுதும் உழைப்பு. காமா நாளொன்றுக்கு ஐயாயிரம் பைடக்கும் மூவாயிரம் தண்டாலும் செய்தார் என எழுதிவைத்துள்ளனர். எண்ணியவர் யாரோ, அறியோம். இவ்வாறு உழைக்கும் உடம்புக்குப் பாலும் நெய்யும் வாதுமைப் பருப்பும் இறைச்சியும் நாடோறும் பெருமளவில் வேண்டும். ஏழைக் குடும்பம் ஒன்று அதனைத் தாங்குமா? பயிற்சியிலேயே பொழுது கழிவதால் வேறு தொழில் செய்யவும் இயலாது.

வன்னி நாட்டு உழவருக்கு இதனை எளிதில் விளங்க வைக்கலாம். குளத்தின்கீழ் உள்ள வயலும் உண்டு, மானாவாரி வயலும் உண்டு. அரசரின் மானியத்தில் வாழ்ந்த மல்லன் குளத்து நீரை நம்பிய வயலை ஒத்தவன். மழை தவறினும் அவனுக்கு வாய்க்காலில் நீர் வரும். குளம் உடைந்தாலோ அவன் நிலை வேறு. அனுமதிச் சீட்டு விற்ற காசில் பங்கு பெற்று வாழ்ந்த மேனாட்டு மல்லன் மானாவாரி வயலை ஒத்தவன். கூட்டம் வந்த ஆண்டு விளைச்சல். வராத ஆண்டு பட்டினி. காமா முதல் வகையினர், சிபிஸ்கோ இரண்டாம் வகையினர்.

காமாவுக்குப் புகழ் தேடித் தந்தது 1895ஆம் ஆண்டளவில் நடந்த போர். குஜ்ரான்வாலாவைச் சேர்ந்த ரகீம் பக்ஸ் அக்காலத்தில் பெரும் பெயர் பெற்ற மல்லர். ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரத்தினர். காமாவின் உயரமோ 5 அடி 7 அங்குலம். பதினேழு வயது இளைஞன் நசுங்கிப் போவான் எனக் கூடியோர் எதிர்பார்த்தனர். ஆனால் நெடுநேரம் பொருதும் இருவருள் ஒருவரும் வீழவில்லை. வெற்றியைக் காட்டிலும் அச்சமநிலையே காமாவின் பெயரை இந்தியாவெங்கும் கொண்டுசென்றது.

1910இல் பெஞ்சமின் என்ற ஒழுங்கமைப்பாளர் காமாவையும் அவர் தம்பி இமாம் பக்சையும் வேறு சில மல்லருடன் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே, உயரம் போதாதென்று காமாவைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனராம். உடனே அவர் பொது அறைகூவல் ஒன்று விடுத்தார்: எத்துணை எடையினராயினும் மூவரை அரைமணி நேரத்துள் வீழ்த்துவதாக அதிற் கூறினார். முதலில் அதனை வெறும் விளம்பரம் என்றே கருதினர். பின்னர் அமெரிக்கரான வைத்தியர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். காமா அவரை முதன்முறை இரண்டு நிமிடத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்துக்குள்ளும் மண்ணைக் கவ்வச் செய்தார். அதன் பின்னரே சிபிஸ்கோவுடன் போட்டி ஏற்பாடாயிற்று.

சிபிஸ்கோ சாதாரண ஆளல்லர். அவரது இயற்பெயர் ஸ்டானிஸ்லாவ் சிகானியேவிச். அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்குட்பட்டிருந்த கலீசியாவிற் பிறந்தவர், கல்வியறிவுடையவர், பல மொழிகள் பேசுபவர். காமாவிலும் ஐம்பது இறாத்தலுக்கு மேல் எடை மிக்கவர். 1910 செப்தெம்பர் 10ஆம் நாள் இருவரும் பொருதினர். தொடக்கத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் தோள் இரண்டும் நிலத்திற் பட்டாலன்றித் தோல்வி இல்லை என்பது விதி. சிபிஸ்கோ கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குப்புறக் கிடந்தார். அவ்வளவுதான். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் அவர் அவ்வாறே கிடக்க, காமா மேலிருந்து இழுத்தும் புரட்டியும் பார்த்தார். பார்வையாளர் சலித்துப் போயினர். பத்திரிகைகள் சிபிஸ்கோவைக் கோழையென எழுதின. இது முழுதும் நியாயமான தீர்ப்பன்று. தன்னிலும் வல்லவன் கையிற் சிக்கியவன் விதிக்குட்பட்டு இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதும் ஒரு திறமையே. ஆனால் ஒரு வாரம் கழித்து, செப்தெம்பர் 17ஆம் நாள், மறுபோட்டிக்கு அவர் வராமற் போனதற்கு அத்தகைய சமாதானம் கூற இயலாது. வெற்றிப் பட்டிகையும் 250 பவுண் பரிசும் காமாவுக்கே கிடைத்தன. அக்காலத்து அமெரிக்கப் பெருமல்லராகிய பிராங் கோச் காமாவுடன் ஒருபொழுதும் பொருதவில்லை.

தாயகம் திரும்பிய காமா அலகாபாத்தில் ரகீம் பக்சை மீண்டும் எதிர்கொண்டு வென்றார். 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்', அஃதாவது இந்தியாவின் மாமல்லர் என்னும் பட்டம் அவருக்குரியதாயிற்று. பின்னர் பாட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். குளத்தில் நீர் நிறைந்திருந்த காலம் அது. ஆனால் பெரும் புகழும் ஒரு வகையில் தடையாயிற்று. அவருடன் பொருத முன்வருவோர் அரிதாயினர். மல்லனுக்கு எதிராளி இல்லாத ஆண்டுகள் வேலையில்லாத ஆண்டுகளே.

இவ்விடைக்காலத்தில் சிபிஸ்கோவின் வாழ்வு விசித்திரமான திருப்பங்களைக் கண்டது. அமெரிக்காவில் தொழில்முறை மற்போர் சிறிது சிறிதாகக் காட்சிக் கலையாக மாறிவந்தது. இரண்டரை மணி நேரம் ஒருவர் மேல் ஒருவர் கிடப்பதைக் காசு கொடுத்துக் காண யார் வருவர்? ஆகவே யார் வெல்வது, எப்போது வெல்வது என்பவற்றை ஒழுங்கமைப்பாளர் முன்கூட்டியே தீர்மானித்தனர். மல்லர் அதற்கேற்ப நடித்தனர். நடிப்பு என்றதும் எளிதென எண்ணலாகாது. எறியப்படுவதும் விழுவதும் மெய்யே. எலும்பு முறிவதும் மெய்யே. முடிவு ஒன்றுதான் பொய். 1921இல் சிபிஸ்கோ எட் லூயிஸ் என்பவரை வென்று உலக வாகையராயினார். மறு ஆண்டே அப்பட்டத்தை இழந்தார். 1925இல் அப்பட்டம் வெயின் மன் என்ற இளைஞரிடம் இருந்தது. அவர் காற்பந்தாட்டக்காரர், பேருருவினர், கூட்டம் சேர்க்க வல்லவர், மற்போர் நுட்பம் அறியாதவர். நாற்பத்தைந்து வயதை எட்டிய சிபிஸ்கோ அவரிடம் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஏப்பிரல் 15ஆம் நாள் பிலடெல்பியா நகரில் மேடையேறியதும் சிபிஸ்கோ ஏற்பாட்டை மீறினார். மெய்யாகவே பொருதி அவ்விளைஞரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினார். நடுவருக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. இதுவும் அறச்சீற்றத்தால் விளைந்ததன்று. போட்டிக் குழுவினருடன் செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டின் பயன். சில வாரங்களில் அவர் அப்பட்டத்தை அக்குழுவின் மல்லர் ஜோ ஸ்டெக்கரிடம் கைமாற்றினார்.

இத்தகைய சிபிஸ்கோவே 1928 சனவரியில் பாட்டியாலாவுக்கு வந்தார். பழைய கணக்கைத் தீர்க்க வேண்டுமென இருதரப்பாரும் விரும்பினர். அரசர் தனியே களம் அமைப்பித்தார், பல்லாயிரவர் திரண்டனர். காமாவுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. சிபிஸ்கோவும் ஏறத்தாழ அவ்வயதினரே. மேடை விரிப்பிற் பழகிய போலந்தினர் மண் களத்தில் நின்றார். போர் தொடங்கி ஒரு நிமிடம் முடியுமுன் சிபிஸ்கோவின் முதுகு மண்ணிற் பட்டது. தோற்றவர் காமாவைப் புலியென்று புகழ்ந்ததாகக் கூறுவர். பதினேழு ஆண்டு காத்திருந்த போர் ஒரு நிமிடத்தில் முடிந்தது!

காமாவின் வாழ்வில் இதுவே உச்சம். பூபிந்தர் சிங் 1938இல் காலமானார். 1947இல் நாடு இரண்டாகியது. காமா லாகூரில் வாழ்ந்தார். கலவரம் மூண்டபோது தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தை அவர் எதிர்நின்று தடுத்தார் என்றும், அக்குடும்பத்தினர் வெளியேற உதவினார் என்றும் லாகூரில் இன்றும் நினைவு கூர்வர். அவரை வளர்த்த சமஸ்தானங்களோ எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. சிறிது காலத்துள் சமஸ்தானங்களே இல்லாமற் போயின. குளமும் வாய்க்காலும் ஒருங்கே மறைந்தன. மானியம் இல்லை, நிலம் இல்லை, உடம்பில் நோய் புகுந்தது. பாலும் நெய்யுமாய் வளர்த்த உடம்பு பயிற்சி நின்ற பின்னர் தனக்கே பாரமாகின்றது. காமாவின் வறுமையைக் கேள்வியுற்ற இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா அவருக்கு ஒரு தொகையும் மாதந்தோறும் 300 ரூபாவும் அனுப்பினார். பாக்கிஸ்தான் அரசும் வைத்தியச் செலவுக்கு உதவியது. 1960 மே 23ஆம் நாள் அவர் லாகூரில் மறைந்தார். அறியப்பட்ட எந்தப் போரிலும் தோல்வி காணாத ஒருவர், பிறர் கையை எதிர்பார்த்து இறுதி நாள்களைக் கழிக்க நேர்ந்தது.

சிபிஸ்கோவின் முதுமை வேறு வகையானது. கோழையென்று பெயர் வாங்கியவர், ஏற்பாட்டுக்கும் துரோகம் செய்தவர். ஆயினும் எழுத்தும் கணக்கும் அறிந்தவர். அவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திற் பண்ணை நடத்தினார். 1950இல் இலண்டனைக் களமாகக் கொண்டு வெளியான 'நைட் அண்ட் த சிட்டி' என்ற திரைப்படத்தில், மெய்யான மற்போரின் மானத்தைக் காக்க முதுமையில் மீண்டும் பொருதி மடியும் மல்லனாக நடித்துப் பாராட்டுப் பெற்றார். வாழ்க்கையில் அவர் பல வேளைகளிற் செய்யாததைத் திரையிற் செய்து காட்டினார் என்க. 1967இல் காலமானார்.

நம் நாட்டு மக்கள் இத்தகைய காட்சிப் போரை அறிந்தது 1950களில், தாராசிங்கும் கிங்காங்கும் இங்கு வந்த காலத்தில். கிங்காங் எனப்பட்டவர் எமில் சாயா. ஏறத்தாழ 400 இறாத்தல் எடையினர், அதாவது மூன்றரை அந்தர். உடல் பருத்தவரைக் கண்டால் 'கிங்காங்' என்று நம்மவர் கேலி செய்யும் வழக்கில் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1970இல், வீதி விபத்திற் பட்ட காயங்களால் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங்கோ 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்திற் பிறந்து, இளமையிற் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, அங்கே மற்போர் பயின்றவர். அரசர்கள் போய்விட்ட காலத்தில் தோன்றியவர் அவர். கூட்டத்தை மாத்திரம் நம்பாமல் திரைப்படத்திலும் கால் வைத்தார். 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்பவரை வென்றார். 1983இல் மற்போரினின்றும் ஓய்வு பெற்றார். 1987இல் தொடங்கிய தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றினார். 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தார். 2012இல் இறந்தபோது அவருக்குக் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

காமாவின் குடும்பத்தினரோ களத்தைக் கைவிடவில்லை. தம்பி இமாம் பக்சின் மகன் அக்ரம், 1976 திசெம்பர் 12ஆம் நாள் கராச்சியில் யப்பானியர் அன்டோனியோ இனோக்கியுடன் பொருதினார். காட்சியாகத் தொடங்கவேண்டிய போர் மெய்ப்போராக மாறிற்று. இனோக்கி அவர் கையை முறுக்கிப் பிடித்தார், அக்ரம் விட்டுக்கொடுக்க மறுத்தார், கை முறிந்தது. 1979இல் லாகூரில் அக்குடும்பத்து இளைஞரான ஜாரா அதே இனோக்கியை எதிர்த்து நின்றார். இருவருள் ஒருவரும் வீழாது போட்டி முடிந்தபோது, இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பற்றி உயர்த்திக் கூட்டத்தினருக்குக் காட்டினார்.